அலகிடத் தெரிந்தவர்களுக்கு ஆங்கிலச் சந்தம் ஏன் எட்டவில்லை?

பத்தாம் வகுப்புத் தமிழ்த் தேர்வில் ஒரு குறளைக் கொடுத்து, அலகிட்டு வாய்பாடு எழுதச் சொல்வார்கள். மாணவர் ஏழு சீரையும் பிரிப்பார். எது நேர், எது நிரை என்று பார்ப்பார். தேமா, புளிமா, கூவிளம் என்று எழுதிக்கொண்டே வந்து, கடைசிச் சீருக்கு நாள், மலர், காசு, பிறப்பு ஆகிய நான்கில் ஒன்றைப் போட்டு முடிப்பார். பிறகு ஆங்கிலத் தேர்வு வருகிறது. அதிலும் செய்யுள் உண்டு. ஒத்த ஓசையில் முடியும் சொற்களை எடுத்தெழுது, ரைம் ஸ்கீம் என்ன, இந்த அடியில் வந்திருக்கும் அணி எது என்று கேட்கிறார்கள். அதே மாணவர் இங்கே அடிகளின் கடைசி எழுத்துகளைப் பார்த்து ‘ஏபிஏபி’ என்று எழுதுகிறார். ‘லைக்’ என்ற சொல் கண்ணில் பட்டால் சிமிலி என்கிறார். ஒரே எழுத்தில் தொடங்கும் இரண்டு சொற்கள் பக்கத்தில் பக்கத்தில் நின்றால் அலிட்டரேஷன் என்கிறார். தமிழ்த் தேர்வில் செய்யுளை அளந்தவர், ஆங்கிலத் தேர்வில் அதை வெறுமே பார்த்துவிட்டுப் பதில் சொல்கிறார்.

இதற்குக் காரணம் பிள்ளைகளின் ஆங்கிலம் வலுவில்லாதது என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால் நல்ல ஆங்கிலம் எழுதும் மாணவர்களிலும் பலருக்கு ‘ஐயாம்பிக் பென்டாமீட்டர்’ என்பது மனப்பாடம் செய்த ஒரு பெயர் மட்டுமே. அது எப்படி ஒலிக்கும் என்று கேட்டால் திகைப்பார்கள். ஆங்கில யாப்பு நிற்பது அழுத்தத்தின் மேல். ஒரு சொல்லில் எந்த அசை ஓங்கி ஒலிக்கிறது, எது அமுங்கிப் போகிறது என்பதுதான் அதன் அளவுகோல். அந்த அழுத்தத்தை நம் வகுப்புகள் பெரும்பாலும் தொடுவதே இல்லை. அடித்தளத்தை விட்டுவிட்டு மாடியின் பெயர்ப்பலகையைப் படிக்கச் சொல்வது போன்றது இது. ஆங்கிலச் செய்யுளை முதலில் காதுக்குக் கொடுக்க வேண்டும், பெயர்களைக் கடைசியில் கொடுக்க வேண்டும் என்பதே என் வாதம். அதற்குத் தேவையான பயிற்சியில் பாதி, பக்கத்துப் பாடவேளையில், தமிழாசிரியரின் கரும்பலகையில் ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

ஒரு மொழியின் யாப்பு எதன்மேல் எழும் என்று பார்த்தால், பெரும்பாலும் அந்த மொழியில் பொருளையே மாற்றிவிடும் ஒலி வேறுபாடு ஒன்றின்மேல்தான். தமிழில் கல் வேறு, கால் வேறு. படு வேறு, பாடு வேறு. குறிலும் நெடிலும் இடம் மாறினால் சொல் மாறிவிடும். அதனால்தான் தமிழ்க் காது அளவைக் கவனிக்கப் பழகியது. தொல்காப்பியம் மாத்திரையைக் கண்ணிமைப்பாலும் கைநொடியாலும் அளந்தது. நம் அசைகள் குறில், நெடில், ஒற்று ஆகியவற்றின் கூட்டில் உருவாயின. ஒரு தமிழ்ச் சொல்லின் முதல் அசையை ஓங்கிச் சொன்னாலும் இரண்டாம் அசையை ஓங்கிச் சொன்னாலும் பொருள் மாறாது. கேட்பவருக்குக் கோபமாகப் பேசுகிறோமோ என்று தோன்றலாம், அவ்வளவுதான். ஆங்கிலத்தில் அப்படியில்லை. ‘ப்ரசென்ட்’ என்ற சொல்லின் முதல் அசை ஓங்கினால் அது பரிசு. இரண்டாம் அசை ஓங்கினால் அது வழங்குதல் என்னும் வினை. ‘ரெக்கார்ட்’, ‘ஆப்ஜெக்ட்’ ஆகியவையும் அப்படித்தான். எழுத்து அதே, அழுத்தம் இடம்மாறினால் பெயர்ச்சொல் வினைச்சொல் ஆகிவிடும். பொருளையே புரட்டுகிற அந்த அழுத்தத்தை ஆங்கிலக் கவிஞர்கள் தங்கள் யாப்புக்கு அலகாக எடுத்துக்கொண்டதில் வியப்பில்லை.

இந்த ஒன்று விளங்காதவரை, ஆங்கிலச் சொல்லைத் தமிழ்க் கணக்கில் அளப்போம். ‘பனானா’ என்பதைத் தமிழ் எழுத்தில் எழுதி அலகிட்டால் நிரையும் நேருமாகப் புளிமா வரும். ஆங்கிலக் காதுக்கு அதில் நடு அசை ஒன்றுதான் முழுதாக ஒலிக்கிறது. முன்னும் பின்னும் உள்ளவை அரைகுறை உயிர்கள். நாம் நெடிலாக நீட்டுகிற கடைசி ‘னா’, அங்கே சொல்லியும் சொல்லாததுமாக நின்றுவிடும். இப்படி ஒரு மொழியின் அளவைக் கொண்டு இன்னொரு மொழியை அளந்து தடுமாறியது நம் மாணவர்கள் மட்டுமல்ல. 16ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சிட்னி, ஸ்பென்சர் போன்ற ஆங்கிலக் கவிஞர்களே கிரேக்க, லத்தீன் முறையில், குறில் நெடில் கணக்கிட்டு ஆங்கிலத்தில் பாட்டுக் கட்டிப் பார்த்தார்கள். 1602இல் தாமஸ் கேம்பியன் ரைம் எனும் இயைபை இழித்தும் அளவு யாப்பைப் போற்றியும் ஒரு நூலே எழுதினார். மறு ஆண்டு சாமுவேல் டேனியல் இயைபுக்கு ஆதரவாக ஒரு மறுப்பு நூல் எழுதினார். மொழி டேனியல் பக்கம் நின்றது. அந்த முயற்சியின் மிச்சமாக ஐயாம்ப், ட்ரோக்கி, டாக்டைல் என்ற கிரேக்கப் பெயர்கள் மட்டும் ஆங்கிலத்தில் தங்கிவிட்டன. குறில் நெடிலுக்கு வைத்த பெயர்கள் அழுத்தத்துக்குப் பயன்படத் தொடங்கின. இன்று பாடப்புத்தகத்தில் மாணவரை மிரட்டுபவை இந்த இரவல் பெயர்கள்தான்.

பெயரை விட்டுவிட்டு ஒலிக்கு வருவோம். ‘ஐ வென்ட் டு பை எ பேக் ஆஃப் ரைஸ் டுடே.’ இன்றைக்கு ஒரு மூட்டை அரிசி வாங்கப் போனேன் என்று யாரும் சொல்லக்கூடிய சாதாரண வாக்கியம். ஆங்கிலம் புழங்குகிறவர்கள் இதைச் சொன்னால் ‘வென்ட்’, ‘பை’, ‘பேக்’, ‘ரைஸ்’, கடைசிச் சொல்லின் ‘டே’ ஆகிய ஐந்து இடங்களில் குரல் எழும். இடையிலுள்ள ‘ஐ’, ‘டு’, ‘எ’, ‘ஆஃப்’ முதலியவை தாழ்ந்து வழிவிடும். தாழ்வு, எழுச்சி, தாழ்வு, எழுச்சி, இப்படி ஐந்து முறை. தமிழ்த் திரையிசையில் மெட்டுக்குப் பாட்டு எழுதுகிறவர்களிடம் தத்தகாரம் என்ற ஒன்று உண்டு; சொல் வருவதற்கு முன் ‘தனனா’ என்று தாளம் மட்டும் வந்து நிற்கும். திருப்புகழுக்கும் சந்தக் குழிப்பு உண்டு. அதே வழியில் இந்த வாக்கியத்தைத் ‘தடம் தடம் தடம் தடம் தடம்’ என்று மேசையில் தட்டிச் சொல்லிப் பார்க்கலாம். ஐயாம்பிக் பென்டாமீட்டர் என்ற பூச்சாண்டி இவ்வளவுதான். ‘தடம்’ தமிழில் ஒரே நிரையசை. ஆங்கிலக் கணக்கில் அது இரண்டு அசை, ஒரு சீர். ஐந்து சீர் கொண்ட அடியை நாம் நெடிலடி என்போம். நான்கு சீரென்றால் அளவடி, மூன்றென்றால் சிந்தடி, இரண்டென்றால் குறளடி. பென்டாமீட்டர், டெட்ராமீட்டர், ட்ரைமீட்டர், டைமீட்டர் ஆகியவற்றின் வரிசையும் இதுவே. எண்ணும் முறை நம் பிள்ளைகளுக்குப் புதிதல்ல. எண்ணப்படும் பொருள்தான் புதிது. அங்கே அளவு, இங்கே அழுத்தம்.

சரி, தாளம் தெரிந்துவிட்டது. அதனால் கவிதை கூடுதலாக என்ன சொல்லிவிடும் என்று கேட்கலாம். அந்த வாக்கியத்துக்கு ஒரு தொடர்ச்சி வைப்போம்: ‘சோல்ட் வாஸ் த ரைஸ் பிஃபோர் ஐ ரீச்ட் த ஷாப்.’ கடைக்கு நான் போய்ச் சேருமுன்னே அரிசி விற்றுத் தீர்ந்துவிட்டது. இதிலும் பத்து அசை, ஐந்து எழுச்சி. ஆனால் முதல் சீர் தலைகீழாகிவிட்டது. தாழ்வில் தொடங்கும் என்று பழகியிருந்த காதில், ‘சோல்ட்’ என்ற முதல் சொல்லே ஓங்கி விழுகிறது. அடுத்த சீரிலிருந்து பழைய நடை திரும்பிவிடுகிறது. ஏமாற்றம் சொல்லின் பொருளில் மட்டும் இல்லை; தாளத்திலும் இருக்கிறது. முந்தைய அடியில் ஐந்து முறை ‘தடம்’ கேட்டுப் பழகாதவருக்கு இந்த ஏமாற்றம் பிடிபடாது. யாப்பின் வேலை இதுதான். முதலில் ஓர் எதிர்பார்ப்பை உண்டாக்கும்; வேண்டிய இடத்தில் அதை மீறும். மீறிய இடத்தில் கவிஞர் எதையோ சுட்டிக்காட்டுகிறார் என்று பொருள். இந்தச் சீருக்கு ட்ரோக்கி என்று பெயர் என்பதை மாணவர் அதற்குப் பிறகு தெரிந்துகொள்ளட்டும். ஒலியைக் கேட்டபின் வரும் பெயர் நினைவில் நிற்கும். கேட்காமல் வரும் பெயர் தேர்வோடு போய்விடும்.

தமிழக அரசுப் பாடநூல்களே இதற்குச் சான்று தருகின்றன. 2019இல் வந்த பன்னிரண்டாம் வகுப்பு ஆங்கில நூலில் ஷேக்ஸ்பியரின் ‘ஆஸ் யூ லைக் இட்’ நாடகத்திலிருந்து, மனித வாழ்வின் ஏழு பருவங்களைச் சொல்லும் புகழ்பெற்ற பகுதி இருக்கிறது. டென்னிசனின் ‘யுலிசிஸ்’ இருக்கிறது. அமெரிக்கக் கவிஞர் கார்ல் சாண்ட்பர்க், தந்தை மகனுக்குச் சொல்வதாக எழுதிய கவிதையும் இருக்கிறது. மூன்றிலும் இயைபு இல்லை. ரைம் ஸ்கீம் மட்டும் தேடிப் பழகிய மாணவருக்கு மூன்றும் ஒரே சாதி. காதால் கேட்டால் முதல் இரண்டும் இயைபில்லாத ஐஞ்சீர் அடிகள். பிளாங்க் வெர்ஸ் எனப்படுபவை. பேச்சுக்கு நெருங்கிய நடை என்பதால் நம் அகவலை நினைவூட்டுபவை. சாண்ட்பர்க்கினுடையதோ அந்த அளவுக்குக் கட்டுப்படாத புதுக்கவிதை. கடல் கடந்து வந்த கிழட்டு வீரனுக்கு ஏன் அந்தக் கம்பீர நடை, பிள்ளைக்கு அறிவுரை சொல்லும் தந்தைக்கு ஏன் இந்த உரையாடல் நடை என்ற நல்ல கேள்வி, வேறுபாட்டைக் கேட்டவருக்குத்தான் தோன்றும். பதினொன்றாம் வகுப்பில் டி.எஸ். எலியட்டின் ‘மக்காவிட்டி’ என்னும் பூனைப் பாட்டு வருகிறது. 1939இல் வெளிவந்த தொகுப்பிலிருந்து எடுத்தது. துப்பறியும் இலாகாவையே திணறடிக்கும் குற்றவாளி ஒரு பூனை என்பது பாதி நகைச்சுவைதான். மீதிப் பாதி, துள்ளி ஓடும் அந்த நீண்ட அடிகளில் இருக்கிறது. 1981இல் லண்டன் மேடையேறிய ‘கேட்ஸ்’ இசை நாடகத்தில் அதைப் பாடி ஆட முடிந்ததும் அந்தத் தாளத்தால்தான். அதை மௌனமாக வாசித்து, அடிக்கோடிட்டு, அணிகளை மட்டும் எடுத்தெழுதினால் பூனை நழுவிவிடும்.

பெயர்கள் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை; பெயரும் ஒலியும் சேர்ந்து வர வேண்டும் என்கிறேன். இதில் நம் இலக்கணிகள் மிகுந்த கெட்டிக்காரர்கள். தேமா என்ற வாய்பாட்டைச் சொல்லிப் பாருங்கள். தே நேர், மா நேர். புளிமா என்றால் நிரையும் நேரும். கருவிளம் என்றால் இரண்டும் நிரை. ஒவ்வொரு பெயரும் தன் இலக்கணத்தைத் தானே ஒலித்துக் காட்டுகிறது. கூடவே மாவும் விளாவும் கண்முன் நிற்பதால் மறப்பதும் கடினம். பாக்களின் ஓசைக்கும் அப்படியே செப்பல், அகவல், துள்ளல், தூங்கல் என்று காது அறிந்த பெயர்களை வைத்தார்கள். ஆங்கிலத்தில் இந்த வசதி இல்லை. ‘ஐயாம்ப்’ என்ற சொல்லே ஐயாம்ப் நடையில் ஒலிப்பதில்லை. ‘டாக்டைல்’ என்பது கிரேக்கத்தில் விரல். ஒரு நீள எலும்பு, இரண்டு குட்டை எலும்பு என்ற உவமை அதற்குள் இருக்கிறது என்று யாராவது சொன்னால்தான் தெரியும். கோல்ரிட்ஜ் தன் மகனுக்குச் சீர்களைக் கற்பிக்க, ஒவ்வொரு சீரின் பெயரும் அந்தந்தச் சீரின் நடையிலேயே வரும்படி ஒரு பாட்டு எழுதினார். பெயரும் ஒலியும் பிரிந்து நின்றால் பிள்ளை கற்காது என்று அந்தப் பெருங்கவிஞருக்குத் தெரிந்திருந்தது. அவர் தனியே உட்கார்ந்து செய்ய வேண்டியிருந்ததைத் தமிழ் வாய்பாடுகள் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே செய்துவைத்துவிட்டன.

அணிகளிலும் இதே கதைதான். அலிட்டரேஷன் என்பது எழுத்து ஒற்றுமை என்று மாணவர்கள் நினைக்கிறார்கள். தமிழில் எழுத்தும் ஒலியும் ஏறக்குறைய ஒன்றாகவே போவதால், எழுத்தைப் பார்த்து மோனை சொன்னால் பெரும்பாலும் தவறாது. ஆங்கிலத்தில் கண்ணை நம்பினால் மோசம் போவோம். கத்தியைக் குறிக்கும் ‘நைஃப்’ எழுதப்படுவது ‘கே’ என்ற எழுத்தில் தொடங்கி. ஆனால் அதற்கு மோனைத் துணை இரவைக் குறிக்கும் ‘நைட்’தான். நகரத்தைக் குறிக்கும் ‘சிட்டி’யும் பூனையைக் குறிக்கும் ‘கேட்’டும் ஒரே எழுத்தில் தொடங்கினாலும் ஒன்றோடொன்று சேரா. ‘லவ்’, ‘மூவ்’ என்ற சொற்களில் கடைசி மூன்று எழுத்தும் ஒன்றே, காதுக்கு இயைபில்லை. ‘ப்ளூ’, ‘ஷூ’, ‘த்ரூ’ மூன்றும் எழுத்தில் வெவ்வேறு. காதுக்கு ஒரே இயைபு. ஆக, ரைம் ஸ்கீம் என்ற ஒரு மதிப்பெண் கேள்விகூடக் காது இல்லாமல் தேறாது.

உவமைக்கு வந்தால் நம் தமிழ் வகுப்பு இன்னும் ஒரு படி மேலே நிற்கிறது. அங்கே உவமையணி என்று பெயர் சொன்னதோடு விடுவதில்லை. உவமானம் எது, உவமேயம் எது, உவம உருபு எது, இரண்டுக்கும் பொதுத்தன்மை என்ன என்று பிரித்துக் காட்டச் சொல்கிறார்கள். ஆங்கிலத் தேர்விலோ சிமிலி, மெட்டஃபர், பர்சானிஃபிகேஷன் என்று பெயரெழுதினால் பெரும்பாலும் கேள்வி முடிந்தது. ஆங்கிலத் திறனாய்வில் உருவகத்தின் இரண்டு பாதிகளுக்கும் தனித்தனியே பெயர் வேண்டும் என்று ஐ.ஏ. ரிச்சர்ட்ஸ் ‘டெனர்’, ‘வெஹிக்கிள்’ என்ற சொற்களை முன்வைத்தது 1936இல். ஏறத்தாழ அந்தப் பிரிப்பை நம் பத்தாம் வகுப்பு மாணவர் உவமேயம், உவமானம் என்று நாள்தோறும் செய்கிறார். ஆங்கில ஆசிரியர் ‘பொதுத்தன்மை என்ன?’ என்ற ஒற்றைக் கேள்வியைத் தன் வகுப்புக்கு இரவல் வாங்கிக்கொண்டால் போதும். ஏன் இந்த ஒப்புமை, ஏன் இன்னொன்று இல்லை என்ற உரையாடல் தானாகத் தொடங்கிவிடும்.

கேட்காமல் மதிப்பிடும் நோய் நம் ஊருக்கு மட்டும் உரியது அல்ல. இதே ரிச்சர்ட்ஸ், கேம்பிரிட்ஜில் தன் மாணவர்களுக்குக் கவிஞர் பெயரை மறைத்துக் கவிதைகளைக் கொடுத்து, அவர்கள் எழுதிய கருத்துகளைத் திரட்டி 1929இல் ‘ப்ராக்டிகல் கிரிட்டிசிசம்’ என்ற நூலாக வெளியிட்டார். அவர்கள் இடறிய இடங்களைப் பத்து வகையாகப் பிரித்தார். சொல்லின் நேர்ப்பொருளே பிடிபடாமை முதலாவது. கவிதையின் ஒலியும் நடையும் புலனுக்கு எட்டாமை இரண்டாவது. யாப்பைப் பற்றிய முன்முடிவோடு வந்து, விதிக்குப் பொருந்துகிறதா என்று மட்டும் பார்த்துக் கவிதையை எடைபோடுவதையும் அவர் தனியொரு குறையாகச் சேர்த்தார். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டு, இலக்கியத்தையே பாடமாகப் படித்தவர்களுக்கும் காது தானாகத் திறக்கவில்லை. அது பழக்கினால் வருவது; பழக்குவது வகுப்பறையின் வேலை.

இங்கே எழும் முதல் மறுப்பு நியாயமானது. பல பள்ளிகளில் பிள்ளைகள் ஓர் ஆங்கிலப் பத்தியைத் தடையின்றி வாசிக்கவே திணறுகிறார்கள். அவர்களுக்கு யாப்பு ஓர் ஆடம்பரம் அல்லவா? அழுத்தத்தைப் பெயர்ப் பட்டியலாக நடத்தினால் ஆடம்பரம்தான். காதுப் பயிற்சியாக நடத்தினால் அது அடிப்படைத் தேவை. ஆங்கிலம் பேசுகிறவர்கள் அவசரமாகப் பேசுவதாக நமக்குத் தோன்றுவதற்கு ஒரு காரணம், அழுத்தமில்லாத அசைகளை அவர்கள் சுருக்கி விழுங்குவது. 1945இல் கென்னத் பைக் என்ற மொழியியலாளர், ஆங்கிலத்தில் அழுத்தங்கள் ஏறக்குறைய சம இடைவெளியில் வருகின்றன என்று வகைப்படுத்தினார். கருவி வைத்து அளந்த பிற்கால ஆய்வுகள் அவ்வளவு துல்லியமான சம இடைவெளியைக் காணவில்லை என்றாலும், அமுங்கும் அசைகள் சுருங்குவது உண்மை. எல்லா அசையையும் சம எடையில் எதிர்பார்க்கும் தமிழ் மாணவருக்கு அந்தச் சுருங்கிய அசைகள் காணாமல் போகின்றன. ‘ஃபோட்டோகிராஃப்’ என்ற சொல்லில் முதலசையில் இருக்கும் அழுத்தம், ‘ஃபோட்டோகிராஃபி’யில் இரண்டாவதற்கும், ‘ஃபோட்டோகிராஃபிக்’கில் மூன்றாவதற்கும் நகர்வது தெரியாமல் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்புக்குப் பணம் கட்டி என்ன பயன்? ஒரே தாளம் திரும்பத் திரும்ப வரும் செய்யுளைவிட இதைக் கற்பிக்க மலிவான கருவி இல்லை. எல்கேஜியில் ‘ரைம்ஸ்’ சொல்லிக் கைதட்டும்போது குழந்தைகள் இதை இயல்பாகவே செய்கிறார்கள். பிறகு வகுப்பு ஏற ஏற நாம்தான் அதை நிறுத்திவிடுகிறோம்.

இரண்டாவது மறுப்பு: ஆசிரியர்களின் உச்சரிப்பே தமிழ் கலந்தது; யாருடைய ஆங்கிலத்தைக் கேட்டுப் பழகுவது? வெள்ளைக்காரர் போல நாக்கைச் சுழற்றச் சொல்லவில்லை. ஒலிகளை நம் வழியில் சொல்லலாம். அழுத்தம் எந்த அசையில் என்பது மட்டும் தெரிந்தால் போதும். அதற்கு நல்ல அகராதிகள் ஒவ்வொரு சொல்லிலும் அழுத்தம் விழும் அசைக்கு முன் ஒரு சிறு கோடு போட்டே வைத்திருக்கின்றன. ஒரே ஒரு பாடவேளையில் அதைப் பார்க்கக் கற்றுக்கொடுக்கலாம். ஆங்கிலச் சந்தம் ஆங்கிலேயருக்கு மட்டும் வசப்படுவதல்ல என்பதற்கும் சான்று அதே பன்னிரண்டாம் வகுப்பு நூலிலேயே இருக்கிறது. வீட்டுத் தோட்டத்துச் சவுக்கு மரத்தைப் பற்றி எழுதிய தோரு தத், 1856இல் கொல்கத்தாவில் பிறந்த வங்காளப் பெண். 21 வயதில் மறைந்தார். இந்தக் கவிதை அடங்கிய நூல் 1882இல் வெளிவந்தது. சவுக்கு மரக் கவிதையில் அவர் ஒவ்வொரு பத்தியையும் பதினோரு அடிகளில், இயைபோடு, ஐஞ்சீர் நடையில் கட்டியிருக்கிறார். கற்ற காது அது.

மூன்றாவதாக, இன்று உலகெங்கும் எழுதப்படுவது பெரும்பாலும் புதுக்கவிதை. செத்த யாப்பை ஏன் கட்டி அழ வேண்டும் என்பார்கள். அதே எலியட், 1917இல் எழுதிய ஒரு கட்டுரையில், எவ்வளவு சுதந்திரமான கவிதைக்கும் பின்னால் ஏதோ ஓர் எளிய யாப்பின் ஆவி உலவ வேண்டும் என்ற பொருளில் வாதிட்டார். தமிழிலும் புதுக்கவிதைக்கு வழி போட்ட ந. பிச்சமூர்த்தி தலைமுறை, மரபின் ஓசையைக் கேட்டு வளர்ந்தபின் அதை விட்டு வெளியேறிய தலைமுறை. கட்டு எங்கே இருந்தது என்று தெரிந்தால்தான் அது அறுந்த இடம் தெரியும். கேப்ரியல் ஒகாராவின் புதுக்கவிதையைப் பதினொன்றாம் வகுப்பில் படிக்கும் மாணவர், அதே நூலில் வரும் வேர்ட்ஸ்வொர்த்தின் சீரான அடிகளை வாய்விட்டுச் சொல்லிவிட்டு ஒகாராவுக்கு வந்தால், ஒரு தந்தை மகனிடம் தயங்கித் தயங்கிப் பேசும் குரலை அந்த ஒழுங்கின்மையிலேயே கேட்பார்.

தமிழ் யாப்பு வகுப்பு மட்டும் என்ன வாழ்கிறது என்று கேட்பவர்களுக்கு என்னிடம் முழு மறுப்பு இல்லை. அங்கும் அலகிடுதல் பல நேரம் கட்டம் போட்டு நிரப்பும் கணக்காகிவிட்டது. செப்பலோசையைச் செவியால் கேட்காமலே வெண்பா என்று எழுதி மதிப்பெண் வாங்கிவிடலாம். ஆனாலும் அங்கே மாணவர் சொல்லை உடைத்து, ஒவ்வொரு துண்டையும் எடைபோட்டு, வரிசையில் ஒழுங்கைத் தேடுகிறார். அந்தக் கைப்பழக்கமே பெரிய சொத்து. இரண்டு இலக்கணத்தையும் பக்கத்தில் வைத்தால் குழம்பிவிடுவார்கள் என்ற அச்சமும் தேவையில்லை. வைக்காததால்தான் குழம்புகிறார்கள், சொல்லிக்கொடுக்காதபோது காது தமிழ் அளவையே எடுத்துக்கொண்டு போய் ஆங்கிலத்தை அளக்கிறது. ‘பனானா’வைக் கரும்பலகையில் இரண்டு முறையிலும் அலகிட்டுக் காட்டுங்கள், இரண்டு மொழிகளும் எங்கே பிரிகின்றன என்று ஐந்து நிமிடத்தில் விளங்கிவிடும்.

கடைசியில் எல்லாம் தேர்வில் வந்து நிற்கும்; கேட்கப்படாததை யாரும் நடத்த மாட்டார்கள் என்பது உண்மை. ஆனால் காதை எழுத்துத் தேர்விலேயே சோதிக்க வழி உண்டு. ‘இந்த அடியில் உள்ள அணி எது?’ என்பதோடு நிறுத்தாமல், ‘அதை எடுத்துவிட்டால் எதை இழக்கிறோம்?’ என்று கேட்கலாம். நான்கு அடிகளைக் கொடுத்து, தாளம் மாறும் அடி எது, அங்கே கவிஞர் என்ன சொல்கிறார் என்று கேட்கலாம். ஐந்து சொற்களில் அழுத்தம் விழும் அசைக்கு அடிக்கோடிடச் சொல்லலாம். பள்ளியே வழங்கும் அகமதிப்பீட்டில் ஒரு பங்கைச் செய்யுளைப் பொருளுணர்ந்து வாய்விட்டுச் சொல்வதற்கு ஒதுக்கலாம். இவற்றுக்குப் புதிய நூலோ கருவியோ வேண்டாம். புத்தகத்தை மூடச் சொல்லிவிட்டு ஆசிரியர் ஒருமுறை வாசிப்பது, மாணவர்கள் விரலால் மேசையைத் தட்டி எழுச்சிகளை எண்ணுவது, பிறகு புத்தகத்தைத் திறப்பது, பெயரைச் சொல்வது என்ற வரிசை மாற்றம் ஒன்றே போதும். தமிழாசிரியரும் ஆங்கில ஆசிரியரும் ஆண்டுக்கு ஒரு பாடவேளை சேர்ந்து நின்றால் இன்னும் நல்லது.

அரிசி வாங்கப் போன அந்த இரண்டு வாக்கியங்களையும் கேட்ட ஒரு மாணவி, இரண்டாவதன் முதல் சொல்லில் ஏதோ இடறியதை உணர்ந்து தட்டிக்கொண்டிருந்த விரலை நிறுத்தினாள் என்றால், அவள் ஆங்கில யாப்புக்குள் வந்துவிட்டாள். அந்த இடறலுக்கு ட்ரோக்கி என்று பெயர் என்பதை அவள் தேர்வுக்கு முதல் நாள் படித்துக்கொள்வாள். மறந்தாலும் குடி முழுகிவிடாது. விரல் நிற்காத மாணவருக்கு அந்தப் பெயரை எத்தனை முறை எழுதிப் போட்டாலும் அது வெறும் பெயர்தான்.